‘புரிந்தது’ என்னும் பொத்தான்

தொலைதூர மாணவர்களுக்கு இணையப் பாடங்களை வடிவமைக்கும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்சுற்றுப் பாடத்தின் முடிவில் ‘புரிந்தது’, ‘புரியவில்லை’ என இரு பொத்தான்களை வைத்திருந்தாள். எல்லாரும் ‘புரிந்தது’ என்றார்கள். தேர்விலோ பாதிப்பேர் கோட்டை விட்டார்கள். மறுமுறையும் அப்படியானால் பாடத்தையே நீக்கிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அறைக்கும் சமையலறைக்குமாக நடந்து அலுத்தபின், புரியாமலே ஏன் ‘புரிந்தது’ என்று அமுக்குகிறார்கள் என அதே பாடத்தைப் படிக்கும் நாத்தனாரிடமே கேட்டாள்.

“புரியலைன்னு அமுக்கினா, சொன்னதையே திரும்ப முதல்லேருந்து சொல்றீங்க அண்ணி. வீட்லதான் அப்படின்னா, அங்கேயுமா?”

“வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. எந்த இடத்துல விட்டே?”

“மின்சாரம் திரும்பி வரணும்னு சொல்ற இடத்துல. பல்புக்குப் போய்ச் சேர்ந்தாச்சுல்ல? அப்புறம் எதுக்குத் திரும்பணும்?”

அண்ணி வாயைத் திறந்தாள். பாடத்தில் எழுதியிருந்த வாக்கியமே நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, வேறு சொல் கிடைக்காமல் தவித்தாள்.

“எனக்கே புரியலை போலிருக்கு,” என்றாள்.