சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்கள்

அலுவலகத்தில் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் புட்டி இருக்கிறது. நான் நகத்துக்குச் சாயம் பூசுகிறவள் இல்லை. கல்யாணத்தன்றுகூடப் பூசிக்கொண்டதில்லை. ஆனாலும் புட்டி காய்ந்துபோனால் உடனே இன்னொன்று வாங்கி வைத்துவிடுவேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேன்சி கடையில் நின்று அதே சிவப்பைத் தேடும்போதெல்லாம், எங்கள் சூப்பிரண்டு மேடம் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இது இல்லைடிம்மா, அது இன்னும் கொஞ்சம் அழுத்தமான சிவப்பு" என்று சொல்வதுபோல இருக்கும்.

மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்து இறங்குவார். எங்கள் பிரிவில் அவரையும் சேர்த்து ஆறு பேர். ஜன்னலோரம் ஒரு மண்பானை, அதற்கு மேலே பலகையில் ஆறு எவர்சில்வர் டம்ளர்கள். எது யாருடையது என்று கிடையாது, கைக்கு வந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உதடு படாமல் தூக்கித்தான் குடிக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். நான் பாலக்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வாய் வைத்து மடமடவென்று குடித்தே வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் மூக்கில் ஏறியது, ரவிக்கை நனைந்தது. "புதுசா வந்தவளுக்கு ஞானஸ்நானம் ஆயிண்டிருக்கு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்கோ" என்று மேடம் சொல்ல, பிரிவே சிரித்தது.

எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ஆசாரம் என்ற பெயரில் எங்களையெல்லாம் எட்டி நிறுத்துகிறாரோ என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவருடைய சொந்தத் தங்கை அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, பழக்கம் மறந்து டம்ளரை வாயில் வைத்துவிட்டார். மேடம் எல்லார் முன்னாலும் அவரைப் போட்ட போட்டில் என் கோபம் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி குறைய வருடங்கள் ஆயின. அந்த வருடங்களில் நானும் நன்றாகத் தூக்கிக் குடிக்கப் பழகிவிட்டேன். வீட்டிலும் அப்படியே குடிப்பதைப் பார்த்து என் மகள், "அம்மா ஸ்ரீரங்கத்து மாமி ஆயிட்டாங்க" என்று கேலி செய்வாள்.

ஒருமுறை அலுவலகத்தில் ரத்ததான முகாம் நடந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மறந்தும் போனேன். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. "தனியா ஒரு தடவை வந்துட்டுப் போங்க மேடம்" என்றார்கள். போனேன். என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி என்ற கிருமி இருக்கிறது என்றார்கள். எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டது உண்டா என்று கேட்டார்கள். உண்டு. மகள் பிறந்தபோது உதிரப்போக்கு நிற்காமல், பிழைப்பேனா என்ற நிலையில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அது வழியாக வந்திருக்கலாம் என்றார்கள். இத்தனை காலம் ஒரு சத்தமும் போடாமல் என் கல்லீரலில் அது குடியிருந்திருக்கிறது.

அன்று நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. சாவைவிட மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. ரத்தத்தில் வருகிற வியாதி என்றாலே ஊர் எங்கே போய் முடிச்சுப் போடும் என்று எனக்குத் தெரியும். கணவருக்கு அரியமங்கலத்தில் சின்ன லேத் பட்டறை. அவரிடம், "கல்லீரல்ல ஏதோ மஞ்சக்காமாலை மாதிரியாம்" என்று பாதியை மட்டும் சொன்னேன். கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்தால் நம் பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். மறுநாளே லால்குடிக்கு அப்பால் ஒரு ஊரில் பச்சிலை தருகிறார்கள் என்று கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கீழாநெல்லி உருண்டை, உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் தொடக் கூடாது என்று பத்தியம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அதைத் தின்றுகொண்டிருக்கும் வரை டாக்டரிடம் போக வேண்டியதில்லை, யாரிடமும் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா!

ஆனால் அலுவலக டம்ளர் என்னைத் தூங்க விடவில்லை. தூக்கித்தான் குடிக்கிறோம், இருந்தாலும் தவறி உதடு பட்டுவிட்டால்? என்னால் இன்னொருவருக்கு வந்துவிட்டால்? மகளின் நெயில் பாலிஷை எடுத்துப் போய், யாரும் வருவதற்கு முன்னால் ஒரு டம்ளரின் அடியில் சின்னதாகப் பொட்டு வைத்தேன். அதன் பிறகு அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. குடித்ததும் கழுவி, பலகையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

வேறு எந்தப் பிரிவாக இருந்தாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தனி டம்ளரே கூடாது என்ற இடத்தில் ஒரு டம்ளர் தனியாக உட்கார்ந்தால் தெரியாமல் போகுமா? மேடம் இரண்டாம் நாளே அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "என்னடிம்மா, டம்ளருக்குப் பொட்டு வெச்சிருக்கு? யாருக்குக் கல்யாணம்?" என்றார். சொல்ல வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு, பழைய கோப்பு தேட வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, என்னை ரெக்கார்டு அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். அங்கே தூசிக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "டாக்டர் என்ன சொன்னார்?" டாக்டரிடம் போகவில்லை என்றதும் வந்ததே கோபம்! "படிச்சவதானேடி நீ? கீழாநெல்லி தின்னுண்டு உக்காந்திருக்கியே" என்று திட்டியவர், மறுநாளே விடுப்பு எழுதி வைத்துவிட்டு என்னைப் புத்தூரில் ஒரு கல்லீரல் மருத்துவரிடம் கூட்டிப் போனார். சின்ன வயது டாக்டரம்மா. பொறுமையாகப் பேசினார். கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு பரிசோதனை, ஹெபடைடிஸ் பி சேர்ந்து இருக்கிறதா என்று இன்னொன்று, கல்லீரலுக்கு ஸ்கேன் என்று எழுதித் தந்தார். எல்லாம் முடிந்து போனபோது, "கல்லீரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் முத்தலை. இப்பவே ஆரம்பிச்சா மூணு மாச மாத்திரையில பெரும்பாலும் சரியாயிடும். தள்ளிப் போட்டீங்கன்னா என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். பச்சிலையை அன்றே நிறுத்தச் சொன்னார். வாய்வுக்கென்று கடையில் நானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையைப் பற்றியும் கேட்டார். அதுவும் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்குமாம். வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார்.

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மேடம்தான் கேள்விமேல் கேள்வி கேட்டார். "சாப்பிடற தட்டு? ஒரே பானைத் தீர்த்தம்? டம்ளர்ல வாய் வெச்சுட்டா?" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தட்டு, டம்ளர், தொடறது, கட்டிப்பிடிக்கிறது, எதுலயும் பரவாதுங்க. ரத்தத்தோட ரத்தம் சேர்ந்தாத்தான். பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியா வெச்சுக்கட்டும்." வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மேடம், "அந்த நெயில் பாலிஷ் எங்க இருக்கு?" என்று கேட்டார். இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் பானை அருகே போனபோது, பலகையின் ஓரத்தில் என் டம்ளரைக் காணவில்லை. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன், சிவப்புப் பொட்டு இருந்தது. அடுத்ததைக் கவிழ்த்தேன், அதிலும் இருந்தது. ஆறிலும் இருந்தது. மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பொதுவாக எல்லாருக்கும் அறிவித்தார்: "பக்கத்து செக்‌ஷன்காரா நம்ம டம்ளரைத் தூக்கிண்டு போயிடறா. இனிமே நம்ம டம்ளருக்கெல்லாம் பொட்டு உண்டு, தெரிஞ்சுதா?" எல்லாரும் சரி என்றார்கள். நான் ரெக்கார்டு அறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வியாதி தெரிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

கணவரிடம் சொல்வதுதான் பாக்கி. நான் தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியபோது மேடம் ஒத்திகையே வைத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், "நான்தான் உன் ஆத்துக்காரர். பட்டறையிலேர்ந்து வந்தாச்சு. சொல்லு" என்று நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். நான் சொல்ல ஆரம்பித்ததும் கணவராகவே மாறி என்னை அதட்டிய அதட்டலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் இப்படியெல்லாம் கத்த மாட்டாரு மேடம்" என்றேன். "அப்புறம் என்னடி பயம்?" என்றார்.

அன்று மாலை சொன்னேன். என் கணவர் கை எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "அன்னைக்கு அந்த ரத்தத்தை ஏத்தலைன்னா நீ இருந்திருக்கவே மாட்ட. யாரு குடுத்தாங்களோ, அவங்க நல்லா இருக்கட்டும். இந்த வியாதியை நாம பாத்துக்கலாம்" என்றார். இத்தனை நாள் இந்த மனிதரிடமா மறைத்தேன் என்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. அவரும் மகளும் பரிசோதித்துக்கொண்டார்கள். இருவருக்கும் இல்லை. உருண்டைகளைக் குப்பையில் போட்டேன். மாத்திரைக்கு நேரம் குறித்தோம்: அலுவலகத்துக்கு டீ வருகிற பதினோரு மணி. "உங்க மாதாகிட்ட நீ சொல்லி வை, எங்க கோயில் தாயார்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று மேடம் அந்தப் பொறுப்பையும் பங்கு பிரித்தார்.

முதல் மாத்திரை நாள். டீ வந்தது. மேடம் எழுந்து பானையிலிருந்து தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். அது நான் பொட்டு வைத்த டம்ளரா, அவர் வைத்ததா, தெரியாது. மாத்திரையை நாக்கில் வைத்து, வழக்கப்படி அண்ணாந்து ஊற்றினேன். புரையேறித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது, மாத்திரை தொண்டையிலேயே நின்றது. "வாய் வெச்சுக் குடி" என்றார் மேடம். எனக்குக் கேட்டது சரிதானா என்று பார்த்தேன். பிரிவே திரும்பிப் பார்த்தது. "மருந்துக்கு என்னடி ஆசாரம்? நன்னா வாய் வெச்சுக் குடிச்சு முழுங்கு!" உதட்டை வைத்துக் குடித்தேன். மாத்திரை இறங்கியது. மேடம் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார், அவரே போய்க் கழுவினார், அதிலேயே தனக்கும் மொண்டு தூக்கிக் குடித்தார். பிறகு மற்ற ஐந்தோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு, "தீர்த்தம் எடுத்துக்கோடி" என்று அவர் குரல் கேட்கும். நான் ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு ஏதோ விரதம் இருக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிட்டு அதையே சொல்வார். நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிற நேரமாக இருக்கும். ஒரு வேளைகூடத் தவறவில்லை. மூன்று மாதம் மாத்திரை, மேலும் மூன்று மாதம் காத்திருப்பு, அதற்குப் பின் கடைசிப் பரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிருமி இல்லை. என் உடம்பு மறுபடியும் எனக்கே சொந்தமாகிவிட்டது என்று கத்த வேண்டும்போல இருந்தது. மறுநாள் மேடம் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "இவ ஒரு பெரிய கேஸ்ல ஜெயிச்சுட்டா" என்றார். பாலக்கரையில் எனக்கு ஏதோ நிலம் வந்திருப்பதாக இன்றுவரை நம்புகிறவர்கள் உண்டு. நான் மறுத்ததில்லை.

மேடம் ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். இப்போது அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பானை போய்த் தண்ணீர்க் கேன் வந்துவிட்டது. டம்ளர்கள் அப்படியே இருக்கின்றன, பொட்டும் இருக்கிறது, உண்மையான காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது. போன மாதம் லால்குடியிலிருந்து ஒரு பெண்மணி மாற்றலாகி வந்தார். ஏறக்குறைய என் வயது. முதல் நாளே பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் தன் மேசையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். மற்றதோடு பலகையில் வைக்கலாமே என்றேன். "வேணாங்க மேடம், எனக்கு மட்டும் தனியா இருக்கட்டும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். இழுப்பறையைத் திறந்து புட்டியை எடுத்தேன். அவருடைய டம்ளரைக் கவிழ்த்து அடியில் ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காய வைத்தேன். "இது எங்க செக்‌ஷன் வழக்கங்க" என்று சொல்லி, மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்து, இரண்டு மூன்றை இடம் மாற்றினேன். அவர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்:

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"