குருவித் தீனியில் முளைத்தது

விதைக்குள் என்ன இருக்கிறது என்று அறிய மிளகாய் விதையை முன்பல்லால் பிளந்து பார்த்தவள் நான். உள்ளே சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. "முளைக்கவிட்டுப் பாக்கிறதை விட்டிட்டுக் கடிச்சுப் பாக்கிறீரே" என்று என் கணவர் சிரித்தார். அவர் சொன்னது சரிதான். சரி என்பதற்காக நான் ஒப்புக்கொள்ளவில்லை.

திருகோணமலையில் உள்துறைமுகத்துக்குப் போகிற தெருவில் வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, கடல் பார்த்த பெரிய யன்னல் ஒன்று. கணவருக்குத் துறைமுக வாசலில் வேலை. கப்பலால் இறங்குகிறவர்களின் பைகளைக் கிளறிப் பார்ப்பது. வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்றுபோன காலம் அது. பயறுக்கும் உளுந்துக்கும் ஊர் அலைந்தது. ஆளுக்கு நாலு மிளகாய்க் கன்றாவது நடுங்கள் என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன, பிள்ளை இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு பிறந்ததா என்று கேட்காதீர்கள், அது இந்தக் கதையில் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மாமி இருந்தார். உறவு இல்லை, மரியாதைக்கு மாமி. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளின் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டதில் பாதி நான் சுட்டது. தாலிக்குப் பொன்னுருக்கின அன்று முளைப்பாலிகை போட்டார்கள். மண் நிரப்பிய சின்னச் சட்டிகளில், பாலில் ஊறிய நவதானியத்தைச் சுமங்கலிப் பெண்கள் தூவ வேண்டும். அது முளைத்து வருகிற அழகைப் பார்த்துத்தான் மணமக்களின் வாழ்வைச் சொல்வார்கள். நானும் சுமங்கலிதான். கழுவிய கையோடு வரிசையில் நின்றேன். தானியத் தட்டு என்னிடம் வந்ததும் மாமி அதை மெல்ல வாங்கி எனக்கு அடுத்து நின்றவளிடம் கொடுத்தார். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

"நீ இந்தச் செம்பைப் பிடி பிள்ளை" என்றார் என்னிடம்.

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை பட்டால் தானியம் முளைக்காதா என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது. முதலில் அது ஆத்திரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபின், உண்மையிலேயே முளைக்காதோ என்று அறிகிற ஆசையாக மாறிவிட்டது.

வெளியே ஒன்றும் நட ஏலாது. எங்கள் தெருவில் மான்கள் மாடுகளைப் போல நடமாடும். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டிக் கீரைப் பாத்தியை ஒரு காலையில் மொட்டையடித்துவிட்டுப் போகும். ஆகவே யன்னலடிதான் என் தோட்டம். வெறும் பால் தகரப் பேணிகளைச் சேர்த்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். எங்கள் வளவு மண் உப்பு மணல் என்பதால், பாலையூற்றில் இருக்கும் மச்சாள் வீட்டிலிருந்து ஒரு பை மண் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். மண்ணை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவளைக் கொண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதலில் போட்டது மிளகாய். முளைத்தது! நான் துள்ளினேன். அந்தத் துள்ளலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், இடையிலும் ஊற்றினேன். ஒரு நாள் பார்த்தால் கன்றுகள் அடித்தண்டு நூலாக மெலிந்து, கறுத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அடுத்து தக்காளி. அது அழுகவில்லை. ஆனால் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று யன்னல் பக்கமாக வளர்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்காமல் முறிந்தது. ராசியில்லாத கைதான் என்று மனம் சொன்னது. எனக்கு அதை நம்பவும் விருப்பமில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் எங்களுக்குப் பின்வீட்டில் இருந்த பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. போகும்போது ஒரு கூட்டையும், அதற்குள் ஒரு மஞ்சள் குருவியையும், தீனி நிறைந்த பெரிய தகரப் பேணியையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனார்கள். குருவி கொஞ்ச காலம் பாடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. தீனி மிஞ்சியது.

அந்தத் தீனியை ஒரு பின்னேரம் சுளகில் கொட்டிப் பிரித்தேன். தினை தெரிந்தது. பளபளவென்று தட்டையாக ஒன்று. கூர் நுனியோடு மஞ்சளாக ஒன்று. பிறகு, மிளகைவிடச் சின்னதாய், சாம்பல் நிறத்தில், மேலே கோடு கோடாக வரைந்தாற்போல ஒரு உருண்டை. குருவி மற்றதையெல்லாம் காலால் தள்ளிவிட்டு இந்த உருண்டையைத்தான் பொறுக்கித் தின்னும். அப்படி என்ன ருசி? வழக்கம்போல ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கச்சான் கடலையின் வாசம் வந்தது. இது வளர்ந்தால் என்ன செடி என்று அறியாமல் இனி எனக்கு நித்திரை வராது.

இம்முறை நான் அவசரப்படவில்லை. மண்ணை அரித்து, காய்ந்த மாட்டெருவைக் கையால் பொடித்துக் கலந்தேன். விதையை ஊறவைத்து, விரல் நுனியளவு ஆழத்தில் வைத்து, மேல்மண்ணை அழுத்தாமல் மூடினேன். விரலை மண்ணில் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தெளித்தேன். பேணிகளை நாளும் திருப்பி வைத்தேன்.

வளைந்த வெள்ளைக் கழுத்து முதலில் வந்தது. பிறகு விதைத்தோலைத் தொப்பிபோலத் தலையில் வைத்தபடி நிமிர்ந்தது. தொப்பி கழன்றதும் வழுவழுப்பான இரண்டு இலை. அதற்கடுத்த இலைகள் வேறு விதம், ஓரமெல்லாம் அரிவாள் பல். அதற்கும் அடுத்தவை மூன்று விரலாய், ஐந்து விரலாய் விரிந்தன. அப்படி ஒரு பச்சையை நான் கண்டதில்லை. தண்டு தடித்து நின்றது. ஒன்றுகூடச் சாயவில்லை. நான் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் போய்ப் பார்ப்பேன். கணவரும் வேலைக்குப் போகுமுன் குனிந்து பார்த்து, "உம்மட கைக்கு இதெண்டாலும் வசப்பட்டுதே" என்பார். நான் இல்லாத நாளில் அவரே தண்ணீர் தெளிப்பார்.

ஒரு ஞாயிறு, இன்னும் நாலு பேணியில் போடுவோம் என்று அந்தச் சாம்பல் விதையை உள்ளங்கையில் எடுத்து வைத்திருந்தேன். கணவர் தேத்தண்ணியோடு வந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். கிளாசைக் கீழே வைத்தார்.

"இது எங்காலை?"

"குருவித் தீனி. ஏனப்பா?"

"இஞ்சாரும், பிடிச்ச பொட்டலங்களைப் பிரிக்கேக்க அடியில கிடக்கிறது இந்த விதைதான். இது கஞ்சா!"

காய்ந்து கசங்கிய சரக்கைத்தான் மனிதர் வேலையில் கண்டிருக்கிறார். பச்சையாக, உயிரோடு, தன் வீட்டு யன்னலில் கண்டபோது அடையாளம் தெரியவில்லை. பார்த்துப் பார்த்துத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஊரார் பையிலெல்லாம் இதைத் தேடிப் பிடிக்கிறவர் வீட்டில் இது வளர்கிறது என்று ஒரு வாய் வெளியே சொன்னால் போதும், வேலை போய்விடும். அவர் இரண்டு கையிலும் இரண்டு பேணியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து மாமி குசினி வாசலால் உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, பேணியும் கையுமா?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். யன்னலுக்குக் கிட்டப் போனார். ஒரு இலையை விரலால் தடவினார். "ஆத்தே! என்ன செழிப்பு! ஆர் வளர்த்தது?"

"நான்தான் மாமி."

"உன்ர கையோ பிள்ளை?" மாமி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு அவருடைய வேலையும் தெரியவில்லை, கஞ்சாவும் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மற்றக் கையையும் நீட்டினேன்.

"இது என்ன கண்டு?"

கணவருக்குப் பொய் வராது. அவர் கூரையைப் பார்த்தார்.

"செவ்வந்தி மாமி" என்றேன் நான்.

"ஓம், இலையைப் பாக்க அப்பிடித்தான் கிடக்கு. சின்னவளுக்கு ஆவணியில கலியாணம் முற்றாக்கியிருக்கு. அதுக்குள்ள பூக்குமோ? உன்ர பூவிலதான் மாலை கட்டுறது" என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தையும் மறந்து மாமி போய்விட்டார்.

கன்றுகளை நானே பிடுங்கினேன். வேர் வெள்ளை வெளேரென்று பேணியின் வடிவத்திலேயே சுற்றியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. முதன்முதல் என் கையில் உருப்படியாக வந்த பயிர், அது போய் இதுவாக இருக்க வேண்டுமா? அடுப்பில் போடப் போனேன். "ஐயோ, எரிக்காதேயும், மணம் ஊருக்கே போகும்!" என்று கணவர் குறுக்கே விழுந்தார். கடைசியில் கன்றையும் மிஞ்சிய விதையையும் கொதிதண்ணியில் அவித்துக் குழியில் கொட்டினோம். சோறு வடிக்கிற சட்டியில் அவித்தேன் என்று அதன் பிறகு அந்தச் சட்டியை அவர் குசினியில் விடவில்லை.

மிச்சம் இருந்தது என் பொய். ஆவணிக்குப் பூ வேண்டும். கணவரோடு வேலை செய்த தோப்பூர்க்காரர் ஒருவர், தன் வீட்டு முற்றத்துச் செவ்வந்தியின் காய்ந்த பூத்தலைகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பிரித்துப் பார்த்தேன். கரிய ஈர்க்குத் துண்டுகள் மாதிரி விதை. கணவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார். துறைமுக வாசலில் ஒரு கப்பற்காரனையும் அவர் அவ்வளவு சோதித்திருக்க மாட்டார்.

அதே பேணிகள், அதே மண், அதே விரல் நுனி ஆழம். செவ்வந்தி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தபோது மாமி மறுபடி வந்தார். யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கண்டு சின்னதாப் போச்சு?"

"மான் திண்டிட்டுது மாமி. யன்னலுக்குள்ளால தலையை விட்டு எல்லாத்தையும் திண்டிட்டுது. திரும்பப் போட்டனான்."

மாமி மானின் பரம்பரையையே திட்டினார். அன்று மாலை தெருவில் ஒரு மான் பேசாமல் படுத்திருந்தது. "பாரும், உம்மட கண்டைத் திண்ட மயக்கம்" என்றார் கணவர். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

கன்று பெருத்ததும் பழைய வாளிகளுக்கு மாற்றினேன். பகலில் நான் காவல் நிற்க முற்றத்து வெயிலிலும், இரவில் வீட்டுக்குள்ளும் வைத்தேன். ஆடி கழிய மொட்டு வந்தது. பொன்னுருக்கலுக்கு முந்திய நாள், மஞ்சள் குவியலாக ஒரு சுளகு பூ மாமி வீட்டுக்குப் போனது. போகும்போது நானே வேலியோரத்தில் இரண்டு தடவை நின்று நின்று அதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் பாலிகைச் சட்டிகளைப் பரப்பினார்கள். நான் யாரும் சொல்லாமலே செம்பை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பழகிப்போன இடம்தானே. மாமி வந்து செம்பை என் கையிலிருந்து வாங்கினார். தானியத் தட்டை நீட்டினார்.

"முதல் நீ போடு பிள்ளை."

மூன்று பிள்ளைக்காரி அங்கேயே நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ராசி என்று ஒன்று கிடையாது, தண்ணீரை அளந்து ஊற்றினால் யார் கையிலும் முளைக்கும் என்று அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். பேணி பேணியாகத் தோற்றுக் கற்றது அது. ஒரு பிடி அள்ளினேன். தூவவில்லை. உள்ளங்கையை விரித்து, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, பயறு, உளுந்து, எள், கடலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாம்பல் உருண்டை ஏதும் இல்லை. சபை காத்திருந்தது.

"எவ்வளவு பக்தியா வேண்டுறாள் பாருங்கோ" என்று மாமி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னார்.

ஆண்கள் நின்ற பக்கம் பார்த்தேன். கணவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போடும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். போட்டேன்.