ஒரு ஒயருக்கு மூன்று முத்திரை

எங்கள் பக்கத்து ஆறு தெருவிலும் அவளைக் கேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் போன பெரியவருக்கும் அக்கா, பள்ளிக்கூடம் போகிற வாண்டுக்கும் அக்கா. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். எனக்குத்தான் அந்த வீட்டில் மரியாதை குறைச்சல்.

இருபது வருடங்களுக்கு முன் மொட்டை மாடியில் ஒரு குடை ஆன்டெனாவை நிறுத்தி டிவி லைன் கொடுக்க ஆரம்பித்தாள். கம்பம் ஏறுவதெல்லாம் அவள்தான். மாமா கீழே நின்று "பாத்து, பாத்து" என்பார், அவர் பங்கு அவ்வளவுதான். பிறகு அதே ஒயரில் இன்டர்நெட் வந்தது. அதற்குப் பிறகு போனும் வந்தது. ஒயருக்கு என்ன, எதை அனுப்பினாலும் சுமக்கும். திண்டாடிப் போனது சர்க்கார்தான். படத்துக்கு ஒரு ஆபீஸ், பேச்சுக்கு ஒரு ஆபீஸ், இன்டர்நெட்டுக்கு ஒரு ஆபீஸ் என்று மூன்று சட்டம் போட்டு மூன்று லைசென்ஸ் வாங்கச் சொன்னார்கள். மூன்று படிவத்திலும் ஒயரின் நீளம் கேட்டிருந்தது. அக்காவும் எழுதிக் கொடுத்தாள்.

"அப்ப மொத்தமா கூட்டினா எவ்வளவும்மா வருது?" என்று ஒருவர் கேட்டாராம்.

"கூட்டாதீங்க சார். இருக்கிறது ஒரே ஒயர்தான், மூணு பேர் கேட்டீங்க, மூணு தடவை சொன்னேன்," என்றாளாம்.

இந்த அழகில் தெருமுனைக் கம்பத்தில் ஒயர் பிரிகிற அவளுடைய பெட்டிக்கு மூன்று ஆபீசும் ஆளுக்கொரு ஈய முத்திரை போட்டன. மற்ற இரண்டு ஆபீஸ் முத்திரையையும் உடைக்காமல் எந்த ஆபீஸ்காரனும் பெட்டியைத் திறக்க முடியாது. திறந்தவன் மற்ற இரண்டு ஆபீசுக்கும் சீட்டு எழுத வேண்டும். அவர்கள் சாவகாசமாக வந்து மறுபடி முத்திரை போடுகிறவரை லைனை நிறுத்தி வைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் முத்திரை உடைந்திருந்தால் பழி பெட்டிக்காரி தலையில். மூளை உள்ளவன் இப்படி ஒரு விதி எழுதுவானா என்று கேட்காதீர்கள். அதை டைப் அடித்தவனே நான்தான். போன் ஆபீசில் அப்போது எனக்கு அதுதான் வேலை.

இரண்டு வருடங்களுக்கு முன் சோதனைக்குப் போக ஆள் இல்லாமல் என்னையே அனுப்பினார்கள். சொந்த அக்கா பெட்டி என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன், பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. சீட்டு எழுத வேண்டியதுதான் பாக்கி. எழுதினால் முந்நூற்று நாற்பது வீட்டுக்கும் ஒரு வாரம் எதுவும் வராது, அத்தனை பேரும் அக்காவைத்தான் பிடுங்கி எடுப்பார்கள். பாவம் என்று நினைத்து, உடைத்த முத்திரைகளைக் குறட்டால் நசுக்கி, கம்பியை முடிச்சுப் போட்டுப் பழையபடி மாட்டிவிட்டு வந்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

இன்டர்நெட் ஆபீஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிவி ஆபீஸ்காரர் மூன்று மாதம் கழித்து வந்து, ஈயத்தில் குறட்டின் பல் பதிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். 'முத்திரையில் கை வைக்கப்பட்டுள்ளது' என்று அக்காவின் ஃபைலில் ஏறியது. வெறும் எச்சரிக்கைதானே, போகட்டும் என்று நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்துவிட்டேன். அக்காவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வருடம்தான் சர்க்காருக்குப் புத்தி வந்தது. மூன்று ஆபீசையும் ஒன்றாக்கி, ஒரே சட்டம், ஒரே லைசென்ஸ் என்றார்கள். அக்கா சந்தோஷத்தில் மூன்று படிவங்களையும் கிழித்து அலமாரியில் விரித்துவிட்டாள். அப்புறம்தான் சட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தோம். முத்திரையில் கை வைத்தவர்களுக்குப் புது லைசென்ஸ் கிடையாது. அவள் இருபது வருடம் இழுத்த ஒயரை ஒரு பெரிய கம்பெனி அள்ளிக்கொண்டு போகும்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஃபைலை எடுத்து அதிகாரி மேஜையில் வைத்தது நான். மூன்று ஆபீஸ் ஆட்களையும் ஒரே கூரையின் கீழ் போட்டிருந்தார்களே, தப்பிக்க வழியில்லை.

அதிகாரி நிதானமான பெண்மணி. "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப நீங்கதான் பொறுப்பாகணும். லைசென்ஸ் தர முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க," என்றாள் அக்கா. கடைக்குப் போய் அரிசி இல்லை என்றால் திரும்பி வருகிற மாதிரி எழுந்தாள்.

"மேடம், அதை உடைச்சது நான். சோதனைக்குப் போனப்ப," என்றேன். என் குரலே எனக்கு யாருடையதோ போலிருந்தது.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா.

நான் இருக்கவில்லை. சோதனைப் பதிவேட்டை எடுத்து வந்து அந்தத் தேதியையும் என் கையெழுத்தையும் காட்டினேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். திறந்தது கடமை, மறைத்தது குற்றம், இரண்டுமே ஆபீஸ் செய்தது, பெட்டிக்காரி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு லைசென்ஸ், எனக்கு மெமோ.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் லைசென்ஸைக்கூடப் பார்க்காமல் என்மேல் பாய்ந்தாள்.

"அறிவிருக்காடா உனக்கு? யாரு உன்னை வாயைத் திறக்கச் சொன்னது?"

"உன் பொழப்பே போயிருக்கும்க்கா. உடைச்சது நான்."

"அது எனக்குத் தெரியாதா? கம்பியில முடிச்சைப் பாத்தன்னைக்கே தெரியும். எல்லாம் இடது கைக்காரன் போட்ட முடிச்சு. சின்ன வயசுல உன் ஷூ முடிச்சை அவுத்து அவுத்து என் நகம் தேஞ்சிருக்கு."

இரண்டு வருடம். தினமும் அவள் வீட்டில்தான் டீ குடித்தேன்.

"அப்ப ஏங்க்கா சொல்லல? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் ஃபைல் சுத்தமா இருந்திருக்குமே?"

"அப்ப உன் வேலை நிரந்தரமாகலையேடா," என்றாள்.