ரவிக்கை தைக்கிறவளின் ஸ்கூட்டர் வகுப்பு

நான் பத்தாவதோடு நின்றவள். கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ரவிக்கைக்கு டிசைன் வரைந்து, வெட்டி, தைத்துக் கொடுக்கிறேன். இப்போது பெண்களுக்கு ஸ்கூட்டரும் சொல்லிக்கொடுக்கிறேன். கத்தரிக்கோலுக்கும் ஆக்சிலேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கழுகுமலை முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், சம்பந்தம் இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரிதான் என் முதல் மாணவி. நூல் மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது டவுன் பஸ் போயிருக்கும், நடைதான். மகன் திருப்பூருக்குப் போனபின் அவனுடைய ஸ்கூட்டர் வீட்டில் சும்மா நின்றது. ஓட்டிப் பழகப் போய் விழுந்து வந்தாள். பழக்கிவிட்ட அண்ணாச்சி, “பயந்தாங்கொள்ளிக்கு வண்டி வராது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் புருசன் ஒரே போடாகப் போட்டார்: “ஆயுத பூஜைக்குள்ள ஓட்டலைன்னா வண்டிய வித்திருவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். “நான் பழக்கிவிடுதேன், தம்பி” என்றேன்.

“நீங்க ரவிக்கை தைக்கிறவிய. உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?”

“அதனாலதான் சொல்லுதேன். ரவிக்கை உடம்புக்குச் சேரலைன்னா ரவிக்கையைத்தான் பிரிப்பேன். உடம்பையா வெட்டுவேன்?”

அவளை வண்டியில் உட்காரவைத்துச் சுற்றிவந்து பார்த்தேன், அளவெடுக்கிற மாதிரி. நுனிவிரல்தான் தரையைத் தொட்டது. கால் ஊன்றாதவளுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? சீட்டு தைக்கிற கடையில் கொடுத்து, உள்ளே இருந்த பஞ்சை இரண்டு விரல்கடை அரிந்து எடுக்கச் சொன்னேன். பாதம் முழுசாகப் பதிந்தது.

புதுத் துணியை எடுத்ததும் நான் மெஷினில் அடிக்கமாட்டேன். கையால் நீளநீளமாக நூலோட்டி, போட்டுப் பார்க்கச் சொல்வேன். வண்டியையும் அப்படியே பழக்கினேன். களத்துமேட்டுச் சரிவில் என்ஜினைப் போடாமல், காலால் உந்தி உந்தி உருட்டச் சொன்னேன்.

“ஏட்டி, ரெண்டு பேரும் தொட்டில் ஆட்டுதீங்களா?” என்று ஆடு மேய்க்கிற அத்தை கேட்டாள்.

“பிள்ள பிறந்ததும் சொல்லி அனுப்புதோம், அத்தை!” என்றேன்.

நிதானம் வந்தபிறகுதான் சாவியைக் கொடுத்தேன். களத்தில் எட்டுப் போட்டாள். லைசென்சும் வாங்கிவிட்டாள். ஆனால் மெயின்ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். நடுரோட்டில் அவள் காத்து நிற்கும்போது பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தால் இறங்கி வண்டியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். “எனக்கு வராதுக்கா” என்று அழுதாள்.

“திரும்பாதே” என்றேன். “நேரே போ. அடுத்த சந்தில் இடது, மறுபடி இடது, மறுபடி இடது. நம்ம தெருவுக்கு நேர் எதிரே வந்து நிப்பே. காலை ஊன்று, ரெண்டு பக்கமும் பாரு, நடந்து கடக்கிற மாதிரிக் கடந்திரு.”

ஆயுத பூஜையன்று காலையில், வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழ மாலை கட்டி, தனியாகப் பிள்ளையார் கோவிலுக்குப் போனாள். நானும் அவள் புருசனும் தெருமுனையில் நின்றோம். என் வாய் முருகா முருகா என்றுகொண்டே இருந்தது. வந்தாள். எங்களைப் பார்க்காமலே மெயின்ரோட்டில் நேரே எங்கள் தெருவைத் தாண்டிப் போனாள்.

“என்னக்கா, தெருவத் தாண்டிப் போறா! பிரேக் பிடிக்கத் தெரியலையா?” அவர் ரோட்டில் இறங்கிவிட்டார்.

“பேசாம நில்லுங்க, தம்பி.”

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சந்திலிருந்து வண்டியின் எலுமிச்சம்பழ மாலை எட்டிப்பார்த்தது. காலை ஊன்றினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு பஸ்ஸைப் போகவிட்டுக் கடந்து வந்து, அவர் முன்னால் நிறுத்தி, திருநீறை நீட்டினாள்.

“ஊரச் சுத்தித்தான வந்திருக்கா. இது ஒரு ஓட்டா?” என்றார்.

“வந்துட்டாள்ல?” என்றேன்.

அவர் திருநீறைப் பூசிக்கொண்டார். வண்டியை விற்கிற பேச்சு அதோடு நின்றது. இன்றைக்கும் அவள் மெயின்ரோட்டில் வலதுபக்கம் திரும்புவதில்லை. மூன்று இடது போட்டுத்தான் மில்லிலிருந்து வீடு வருகிறாள். பஸ் போய்விட்டதென்று நடப்பதும் இல்லை. இது கற்றுக்கொடுத்ததில் சேராது என்பவர்கள், வேறு எதில் சேரும் என்று அவளிடமே கேட்கட்டும்.