புலியா, மயிலையா?

சூடேறிய ரெக்சினும் டீசலும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் புலியின் நினைவுதான் வருகிறது. ஏழாம் வகுப்பு படித்த வருடம் முழுவதும் பள்ளி வேனில் என் இடம் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை மூடியிருந்த பெட்டியின் மேல்தான். கிழிந்த பச்சை ரெக்சின் வழியாகச் சூடு ஏற ஏற, மடியில் புத்தகப்பை, பையின்மேல் விரித்த நோட்டு என்று உட்கார்ந்துகொண்டு, புலியைக் கரடியோடும் யானையைக் காண்டாமிருகத்தோடும் மோதவிட்டபடியே அலங்காநல்லூர்ச் சாலையில் போய்வந்துகொண்டிருந்தேன். "இன்ஜின் சீட்டு" என்று அதற்குப் பெயர். யாரும் ஆசைப்பட்டு வந்து உட்காருகிற இடமில்லை. மற்ற இடமெல்லாம் நிரம்பிய பிறகு மிஞ்சிய ஆளுக்கு விழுகிற இடம்.

நான் மிஞ்சியதற்குக் காரணம் நானேதான். சிங்கமும் புலியும் சண்டை போட்டால் எது ஜெயிக்கும் என்ற கேள்வி அந்த வேனில் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு, எனக்கு அது உயிர். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் விலங்குப் பட "சார்ட்"டை வாங்கி, ஒவ்வொரு படமாக வெட்டி நோட்டில் ஒட்டி, பள்ளி நூலகத்திலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்து எடை, நகம், பல், கொம்பு என்று கட்டம் போட்டு எழுதி, கடைசிக் கட்டத்தில் "வெற்றி" அல்லது "தோல்வி" என்று சிவப்பு மையில் தீர்ப்பும் வைத்திருந்தேன். பின் சீட்டில் ஒருவன் "சிங்கந்தான்டா ராஜா" என்று ஆரம்பித்தால், அவன் முடிப்பதற்குள் நான் திரும்பி, ராஜா என்பது மனுசன் வைத்த பட்டம், காட்டில் அதற்கு மதிப்பில்லை, புலி தனியாக வேட்டையாடிப் பழகியது, சிங்கத்துக்குக் கூட்டம் வேண்டும் என்று அடுக்கிவிடுவேன். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை. ஜெயிக்க ஜெயிக்க என்னைச் சுற்றி இடம் காலியாகிக்கொண்டே வந்தது. "ஜூ மிஸ் வந்துருச்சு, எல்லாரும் எந்திரிச்சு குட் மார்னிங் சொல்லுங்கடா" என்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதும் நின்று, நான் வாயைத் திறந்தாலே பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும் என்று ஆனது. கேள்வியும் நானே, பதிலும் நானே என்று நோட்டு மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் பேச ஆள் கிடையாது. வயலைப் பிளாட் போட்டு விற்ற ஒரு நகரில், நாலு மனைக்கு ஒரு வீடாக எழும்பியிருந்த காலம் அது. அப்பா மஸ்கட்டில் லாரி ஓட்டினார், அம்மா தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், டியூட்டி முடிந்து வர எட்டு மணியாகும். சாயங்காலம் வேன் என்னை இறக்கிவிட்டுப் போனதும், வாசலில் இருக்கும் மின்சார மீட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, மறுபடி உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன். "யாரு கதவைத் தட்டுனாலும் தெறக்கக் கூடாது" என்பது அம்மாவின் கட்டளை. ஆனால் அந்தக் கதவை ஒருத்தரும் தட்டியதில்லை.

அழகுராஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது டிசம்பரில். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வருகிறவன், என் வகுப்புதான், வேனில் முதலாவதாக ஏறிச் சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவன். அவர்கள் வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று இருந்தது. பொங்கல் நெருங்க நெருங்க அவன் விடியற்காலையில் அதை நடக்கவிட்டு, கண்மாயில் நீச்சலடிக்க வைத்து, குளிப்பாட்டிவிட்டு அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு வருவான். "டேய், மாட்டு வாடை தாங்கல, முன்னாடி போடா" என்று பின் சீட்டுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். இன்ஜின் சீட்டில் நான் நகர்ந்து இடம் விட்டேன். அவன் என் நோட்டை எட்டிப் பார்த்து, பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டான்.

"இம்புட்டு மிருகம் எழுதியிருக்க, எங்க மயிலை எங்க?"

மயிலை என்றால் சாம்பல் பூத்த வெள்ளை நிறம். அதுவே அந்தக் காளைக்குப் பெயருமாகியிருந்தது.

"காட்டு விலங்கு மட்டுந்தான். வீட்டுல வளக்குறதெல்லாம் சேக்க முடியாது."

"இதை நீ மயிலைகிட்டயே வந்து சொல்லு பாப்போம். வாடிவாசலை விட்டு வெளிய வந்துருச்சுன்னா எங்கப்பாவையே அதுக்கு அடையாளம் தெரியாது. அது எப்பிடி வீட்டு மாடு?"

ஒருவன் என்னை மடக்கிவிட்டான். முதல் தடவையாக. சரியென்று கட்டம் போட்டு, ஒரு பக்கம் மயிலைக் காளை, மறுபக்கம் புலி என்று எழுதிவிட்டு, யோசிக்கவே யோசிக்காமல் புலி ஜெயிக்கும் என்றேன். பதுங்கி வரும், கழுத்தைக் கவ்வும், முடிந்தது.

"கவ்வுற வரைக்கும் மயிலை நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்குமாக்கும்? ஒரே தாவு. வீட்டுக்கு வந்துரும்."

"ஓடுனா தோல்வி."

"யாரு சொன்னா? புடிபட்டாத்தான் தோல்வி. புடிபடாம வீடு வந்து சேந்தா மாடு ஜெயிச்சுச்சு. எங்க ஊருல சின்னப்புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கருப்பையா அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவன் சொல்றதுதான் நாயம் பாப்பா. மாடு யாரையும் குத்தவா வருது? வெளிய போறதுக்குத்தான் வருது. குறுக்க நிக்கிறவன் குத்துப்படுறான்" என்றார்.

"அப்ப மானு புலிகிட்டருந்து தப்பிச்சா மானு ஜெயிச்சதா அர்த்தமா?"

"ஆமா" என்றான் அழகுராஜா.

"முயல்?"

"முயலுந்தான்."

இந்தச் சட்டத்தை ஒத்துக்கொண்டால் நாற்பது பக்க நோட்டும் குப்பை. ஆனால் அன்று சாயங்காலம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, என் தீர்ப்புகளையெல்லாம் அவன் சட்டப்படி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோது வெகுநாளைக்குப் பிறகு சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவனிடம் காட்டினேன். அதற்குப் பிறகு மூன்று வாரம், ஒவ்வொரு சண்டைக்கும் இரண்டு தீர்ப்பு எழுதினோம்: என் சட்டத்துக்குச் சிவப்பு, அவன் சட்டத்துக்கு நீலம். நீர்யானையும் முதலையும் மோதினால் சிவப்பில் நீர்யானை, நீலத்தில், "ரெண்டுக்கும் வீடு ஒரே தண்ணிதான, எது எங்க ஓடும்? டிரா" என்றான் அவன். சிவப்பில் யானையை யாரும் அசைக்க முடியவில்லை, நீலத்தில் மான் எல்லோரையும் ஜெயித்துக்கொண்டே போனது. சண்டை போட்டோம், திட்டிக்கொண்டோம், "மண்டைக்குள்ள என்ன களிமண்ணா வச்சிருக்க" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். ஒருநாள் நான் மீட்டர் பெட்டிக்குள் கைவிட்டுச் சாவி எடுப்பதை வேன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ஏ, ஒங்க வீட்டுல ஆளே இல்லியா?" என்று கத்தினான். "வருவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. நாலு நாள் இன்ஜின் சீட்டில் பாதியை யாருக்கும் தராமல் பையை வைத்து மறித்திருந்தேன். ஐந்தாம் நாள் நான் ஏறும்போது உட்கார்ந்திருந்தான். காலெல்லாம் முள் கீறல், உதடு வெடித்திருந்தது. என்னிடம் விடுமுறையில் எழுதிய பதினோரு சண்டைகள் காத்திருந்தன, அதில்தான் என் கவனமெல்லாம்.

"மயிலை என்னாச்சு?"

"ஒருத்தன் கை வைக்க முடியல."

"அப்ப ஜெயிச்சுருச்சு!"

கருப்பையா அண்ணன்தான் சொன்னார். "ஜெயிச்சதெல்லாம் ஜெயிச்சுச்சு பாப்பா. மாட்டைப் புடிச்சுக் கட்டுற எடத்துல நிக்காம வயக்காட்டுப் பக்கம் ஓடுனதுதான், இன்னும் வீடு வரல. ராப்பகலாத் தேடுறாக."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. மூன்று வாரமாக அந்த நீலச் சட்டத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது தானாக வந்து மடியில் விழுந்திருந்தது.

"ஒஞ்சட்டப்படி வீட்டுக்கு வந்தாத்தான ஜெயிச்சதா அர்த்தம்? வரலேன்னா?"

சொல்லிக்கொண்டே நீலப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தான்.

"எழுதிக்க, ஜூ மிஸ்."

அந்தப் பெயரை அவன் அதுவரை சொன்னதேயில்லை. மயிலையின் கட்டத்தில் நான் "தோல்வி" என்று எழுதினேன், நிமிர்ந்தபோது அவன் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்கு அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன், நான் மடக்கியதைப் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தேடிக்கிட்டு நிக்கிறவன்கிட்ட போயி யாராச்சும் நாயம் பேசுவாகளாடி?" என்றாள். பிறகு செல்போனை எடுத்துத் தள்ளித் தள்ளி, மருத்துவமனை குரூப்பில் யாரோ அனுப்பியிருந்த படத்தைக் காட்டினாள். "காளை காணவில்லை" என்று மேலே எழுத்து. கீழே, சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால், அதன் திமிலில் ஒரு கையை வைத்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி அழகுராஜா. மயிலையை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறேன். அதன் எடை என்ன, கொம்பு எத்தனை சாண் என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தேனே ஒழிய, அது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிளேடால் அந்தச் சொல்லைச் சுரண்டினேன். நீல மை போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், மறுபடி சுரண்டினேன், தாள் ஓட்டையாகிவிட்டது.

அப்புறம் வந்த நாட்களில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தேன். வேன் வயல்களைத் தாண்டும்போதெல்லாம் கரும்புத் தோட்டத்துக்குள்ளும் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குள்ளும் சாம்பல் வெள்ளையாக ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பேன். நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. கொக்குகள்தான் இருந்தன.

காணாமல் போன பன்னிரண்டாம் நாள் மயிலை தானாக வந்து சேர்ந்தது. எந்தப் பக்கமாக வந்தது, எங்கே தண்ணீர் குடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. காலையில் அழகுராஜாவின் அம்மா கதவைத் திறந்தபோது தொழுவத்தின் முன்னால், தன் இடத்தில், நின்றிருந்ததாம். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று அவர் ஊரையே கூட்டிவிட்டாராம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அன்று நான் ஏறும்போதே வேன் இரைச்சலாக இருந்தது. பின் சீட்டின் நடுவில் அவன், சுற்றி எல்லோரும், மாட்டு வாடை என்று விரட்டியவன்தான் இப்போது அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு "அப்பறம் என்ன மாப்ள பண்ணுச்சு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் இன்ஜின் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, ஓட்டை விழுந்த பக்கத்தை விரித்து உயர்த்திக் காட்டினேன்.

"அழகு, நான் மாத்தி எழுதப் போறேன்."

"எதை?" என்றான். கோபமேயில்லை அவன் குரலில். உண்மையாகவே அவனுக்கு நினைவில்லை. நான் நோட்டை ஆட்டியதும், "அப்பறம் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கோபமாக இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அந்த "அப்பறம்" வரவில்லை. வருடம் முடிந்து அடுத்த வகுப்பில் அவன் டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டான்.

மயிலை வந்துசேர்ந்த அன்று சாயங்காலம் வேன் போன பிறகு மீட்டர் பெட்டியைத் திறக்காமல் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். அவனுடைய சட்டத்தை அதுவரை என்னால் ஏன் ஏற்க முடியவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. நானும் தினமும் யாரிடமும் பிடிபடாமல் வீடு வந்து சேர்ந்தவள்தான். அது வெற்றி என்று எனக்குத் தோன்றியதேயில்லை. கதவைத் திறந்து பார்த்து, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று ஊரைக் கூட்ட ஒரு ஆள் உள்ளே இருந்தால்தானே அது வெற்றி?

இப்போது விலங்கியல் முடித்துவிட்டு, வேலை விஷயமாக வாரத்தில் இரண்டு நாள் அதே அலங்காநல்லூர்ச் சாலையில் ஸ்கூட்டியில் போய்வருகிறேன். காலி மனைகளெல்லாம் வீடாகிவிட்டன. கொக்கு இறங்கிய வயலில் கல்யாண மண்டபம் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் போகிறார்கள், அதில் இன்ஜின் சீட்டு கிடையாது, மிஞ்சுகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று தெரியவில்லை. சிங்கமா புலியா என்று கேட்டால் போன் அந்த நொடியிலேயே பதில் சொல்லிவிடுகிறது, சண்டை போட இன்னொரு ஆள் வேண்டியதில்லை. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. புலிக்கும் மயிலைக்குமான கட்டத்தில் ஓட்டைதான். அதன் வழியாக அடுத்த பக்கத்து மானின் கால்கள் மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு இன்னும் சாயங்கால டியூட்டிதான். சாவி இப்போது என் பையிலேயே இருக்கிறது. கதவைத் திறந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால், "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லுவேன். ஏழாம் வகுப்பில், அந்தச் சாயங்காலம் ஆரம்பித்த பழக்கம். உள்ளேயிருந்து பதில் வராது. சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.