வாசலில் நின்ற எள்ளுக்காய்

என் தங்கையின் கணவர் சிற்பி. எழுபதுகளின் நடுவில் அவர் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கொட்டகைக்கு விண்ணப்பித்தபோது, அவரை எந்தத் தொழில் இனத்தில் சேர்ப்பது என்று பேட்டையை நிர்வகிக்கும் எங்கள் அலுவலகம் திணறிப்போனது. போல்ட், ஸ்பிரிங், பிஸ்கட், பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றுக்கும் ஒரு குறியீடு இருந்தது. சிற்பத்துக்கு இல்லை. கடைசியில் ஆட்டுக்கல், அம்மிக்கல் செய்பவர்களோடு சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அங்கே நிர்வாகப் பிரிவில் இருந்தேன். உறவினர் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. தொடவில்லை.

கல்லாவிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்து, சென்னையில் கலைக்கல்லூரியில் படித்தவர். சாமி சிலை செய்ய மாட்டார். தலைவர் சிலை செய்ய மாட்டார். புளியங்கொட்டை, ஆமணக்கு விதை, வெடித்த இலவங்காய், கரையான் புற்றின் ஒரு பக்கம் என்று செய்துகொண்டிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் கீறல் விழுந்ததென்று தள்ளிவிட்ட கற்களை லாரியில் ஏற்றிவந்து, அந்தக் கீறலையே விதையின் பிளவாக மாற்றிவிடுவார். சென்னையிலும் பெங்களூரிலும் கண்காட்சிகள் வைத்தார். பத்திரிகைகள் ஓரமாகப் பாராட்டின. வாங்க வந்தவர்கள், எங்கள் வீட்டு மாடி இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் உலை கொதித்தது என் தங்கையின் பள்ளிக்கூடச் சம்பளத்தில்.

"ஊர்ல எல்லாம் கல்லுல சாமி வாங்குறாங்கண்ணா. இவரு புளியங்கொட்ட செய்றாரு. கொழம்புக்கும் ஆவாது, கும்புடவும் ஆவாது" என்பாள் தங்கை. அவர் முன்னாலேயே சொல்வாள். அவரும் சிரிப்பார்.

எண்பதுகளில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தொழிற்பேட்டையின் நுழைவாயில் ரவுண்டானாவில், உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு உள்ளூர்க் கல்லில் ஒரு சிற்பம் வைக்க வேண்டும். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கினால்தான் வேலை கொடுக்க முடியும். ஓசூரில் சிற்பி ஒருவர்தான். ஆகவே மற்ற இரண்டும் ஆட்டுக்கல் கொத்துகிறவர்களிடம் வாங்கப்பட்டன. அவர்களும் மறுக்காமல், குழவியோடு சேர்த்து விலை எழுதிக் கொடுத்தார்கள். நான் இதிலும் ஒதுங்கியே இருந்தேன்.

அவருடைய வாழ்நாளில் வந்த ஒரே பொதுவேலை அது. ஓராண்டுக்கு மேல் கொட்டகையே கதியென்று கிடந்தார். முடிந்தபோது போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கும் மேலே, நான்கு பட்டையாக நின்றது ஓர் எள்ளுக்காய். காய்ந்து, நுனியில் மெல்ல வாய் பிளந்த காய். வெளிப்புறத்தைப் பாலிஷ் போடாமல் பொடிப்பொடியாகக் கொத்தியிருந்தார். எள்ளுக்காயின் மேலிருக்கும் சன்னமான ரோமம் போலவே இருந்தது. பிளவின் உட்புறத்தை மட்டும் கண்ணாடியாகத் தேய்த்திருந்தார். மழை பெய்தால் உள்ளே கறுப்பு மின்னும். கோப்பில் எனக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்தும் அலுவலகம் திரும்பாமல் அதைச் சுற்றிச்சுற்றி வந்தேன். எனக்கு அது அரிதான காரியம்.

பொறியாளர் வந்து கனமீட்டர் கணக்கில் அளந்தார். பிளவுக்குள் இருந்தது காற்றுதான் என்று கண்டுபிடித்து, அந்தக் காற்றைக் கழித்துக்கொண்டார்.

சிற்பத்தை ரவுண்டானாவில் நிறுத்தினார்கள். தொழிலாளர்களுக்குப் பிடித்துப்போனது. ட்ரில் பிட் என்றார்கள். ராக்கெட் என்றார்கள். பம்பு கம்பெனிக்காரர்கள் ரோட்டார் என்று உரிமை கொண்டாடினார்கள். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் பெரும்பான்மை முடிவு, வெடிக்காத பாம். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. பெயர்ப்பலகை வைக்கும்வரை.

"மாப்ளே, 'வளர்ச்சி'ன்னு போட்டுடுங்க. அரசாங்கத்துல யாரும் வளர்ச்சிக்கு ஆட்சேபணை எழுத மாட்டான்" என்றேன்.

"எள்ளுக்காய எள்ளுக்காய்னு சொல்லாம வேற என்னான்னு சொல்றது மச்சான்?"

"சொல்லாமயே இருக்கலாம் இல்ல?" என்றாள் தங்கை. "வாசல்ல எள்ளுன்னு எழுதி வெப்பாங்களா? செத்தவங்களுக்கு எறைக்கிறத?"

"எங்கப்பா வெதைச்சது எள்ளு. எண்ணெ ஆட்டித்தான் என்னை மெட்ராசுக்கு அனுப்பிச்சாரு. யாரு செத்தா?"

அவர் கேட்டபடியே பலகை வந்தது. இரண்டே சொற்கள்: எள்ளுக்காய், கருங்கல். அவ்வளவுதான். அதே மாதம் ஒரு தொழிற்சாலையில் கதவடைப்பு. "வாசல்ல எள்ளு வெச்சாச்சு, தண்ணி தெளிக்க வேண்டியதுதான் பாக்கி" என்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பேசிச் சிரித்தது முதலாளிகள் காதுக்கும் போயிற்று. அவர்கள் சிரிக்கவில்லை. முதலாளிகள் சங்கத்தின் செயலாளர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் தொழிற்சாலை வைத்திருந்தவர். நெற்றியில் எந்நேரமும் குங்குமம்.

"என்னா சார் இது? உயிரோட இருக்கும்போதே எங்களுக்குக் கருமாதி பண்ணிட்டீங்களா? காலைல வண்டிய எடுத்தா மொத தரிசனமே எள்ளு! எடுத்துருங்க சார்."

எடுப்பது சுலபமில்லை. அரசுச் சொத்தை அகற்ற வேண்டுமானால் அது பயனற்றுப்போனது என்று சான்று வேண்டும். பயனற்றுப்போக, தேய வேண்டும். கருங்கல் தேய எத்தனை தலைமுறை ஆகும் என்று எந்த விதியிலும் சொல்லவில்லை. ஆகவே பலகையை மட்டும் கழற்றினார்கள். சங்கம் விடவில்லை, பேர் போனாலும் உருவம் தெரிகிறதே என்றது. அப்போதுதான் அலுவலகத்தில் யாரோ ஒரு மூளைக்காரருக்குச் சாலைப் பாதுகாப்பு வாரம் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் காலையில் நான் வேலைக்கு வரும்போது பெயின்ட் மேஸ்திரி ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். அடியிலிருந்து பாதிவரை எனாமல் ஏறியிருந்தது. கறுப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை.

"என்னய்யா பண்றே?"

"ரோட்டு நடுவுல உருண்டையா நின்னா கருப்பு மஞ்ச சார். ஓரத்துல சப்பையா நின்னா வெள்ளை. ஆர்டர் அப்படித்தான்."

"இது சிற்பம்யா."

"இருக்கட்டும் சார், ரெண்டு கோட்டா அடிச்சுர்றேன். நல்லா நிக்கும்."

இது நடந்த நேரம்தான் கொடுமை. டில்லியில் நடக்கவிருந்த பெரிய கண்காட்சி ஒன்றுக்குச் சிற்பிகளைத் தேர்ந்தெடுக்கும் பெங்களூர் அம்மையார் ஒருவர், அடுத்த வாரம் ஓசூர் வருவதாக இருந்தது. புகைப்படத்தை வைத்து முடிவு செய்ய மாட்டாராம். கல்லை நேரில் பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளை என்னிடம் ஓடி வந்தார். விதிகள் எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. மனு, மேல்மனு, நேரில் முறையீடு என்று எல்லா வழிகளையும் சொல்லிக்கொடுத்தேன். எல்லா வழிகளும் சுற்றிச்சுற்றி என் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தன. பெயின்டை அகற்றச் செலவு மதிப்பீடு தேவை. புதிதாக அடித்த பெயின்டுக்கு அகற்றும் மதிப்பீடு தணிக்கையில் நிற்காது.

அவரும் தங்கையும் கம்பி பிரஷ்ஷோடு போய்த் தேய்த்தார்கள். பொடிக்கொத்தின் ஒவ்வொரு குழியிலும் எனாமல் இறங்கி உட்கார்ந்திருந்தது. அதற்குள் காவலாளி வந்துவிட்டார்: "அரசாங்கச் சொத்துங்க. கைய வெக்காதீங்க."

அம்மையார் காரில் வந்தார். ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தி நாங்கள் மூவரும் அவரோடு இறங்கினோம். அவர் நாலாபுறமும் பார்த்தார். "சிற்பம் எங்கே? இந்த டிராஃபிக் கம்பத்துக்குப் பின்னாலயா?"

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"இல்லீங்க. அதை எடுத்துட்டாங்க."

"அடடா, எங்க கொண்டுபோனாங்க?"

"தெரியலீங்க."

தங்கை கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்புக்கும் ஆகாது என்று வாய்க்கு வாய் சொன்னவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அம்மையார் கொட்டகையில் இருந்த சின்ன வேலைகளைப் பார்த்து, நன்றாக இருக்கின்றன என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். டில்லியிலிருந்து எதுவும் வரவில்லை.

வாடகை கட்ட முடியாமல் மாப்பிள்ளை கொட்டகையைக் காலி செய்தபோது அதை விரிவாக்கத்துக்கென்று வாங்கிக்கொண்டவர் அந்தச் செயலாளர்தான். கொட்டகையோடு மாப்பிள்ளையையும் எடுத்துக்கொண்டார். டிசைன் மாஸ்டர் என்று பதவி. வெளிநாட்டு கேட்லாக்கைப் பார்த்துக் கறுப்புக் கல்லில் ரோஜா, லில்லி, ஓக் இலை எல்லாம் செதுக்க வேண்டும். ஒருநாள் போனபோது செயலாளரே என்னைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினார். வரிசையாக நின்ற கற்களில் பெயரும் தேதியும் வெட்ட இடம் விட்டிருந்தது. அத்தனையும் கல்லறைக் கற்கள்.

"எள்ளு ஆகாதுன்னீங்க. இது சாவுக் கல்லு இல்லையா?" என்றேன்.

"சார், அது ஃபாரின் சாவு. நமக்கு ஒட்டாது. எக்ஸ்போர்ட்!" என்றார், கொஞ்சமும் சங்கடப்படாமல். குங்குமம் பளிச்சென்று இருந்தது.

நான் ஓய்வு பெற்றது தொண்ணூறுகளில். மந்திரி வரும்போதெல்லாம் அந்தக் கல்லுக்குப் புது எனாமல் ஏறிக்கொண்டிருந்தது. பட்டைகள் தடித்து, பிளவு ஏறக்குறைய மூடிவிட்டது. ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகிற ஒரு காலையில் டவுன் பஸ்ஸில் மாப்பிள்ளையின் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் பாலிஷ் பொடி.

கண்டக்டர் வந்தார். "யாருப்பா, டிக்கெட்?"

"பாம் ஒண்ணு குடுங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்குத் தாங்கவில்லை. "மாப்ளே, நீங்களாச்சும் எள்ளுக்காய்னு கேக்கக் கூடாதா?"

"ஒரு தடவ கேட்டேன் மச்சான். அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே இல்லன்னுட்டாரு."

"பாம் எறங்கு, பாம் எறங்கு" என்று கண்டக்டர் விசிலடித்தார். மாப்பிள்ளை இறங்கினார். ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு, வண்டி ஏதும் வருகிறதா என்று மட்டும் பார்த்தபடி, தொழிற்சாலைப் பக்கம் நடந்தார்.