சைமன் அண்ணன் ஒப்பித்த மிருகங்கள்

எங்கள் அண்ணன் சைமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணபதி என்கிற பகுதியில் ஒரு பட்டறையில் முப்பது வருஷமாக லேத் என்கிற கடைசல் மெசினில் நின்றவர். மோட்டார் பம்புக்கு உள்ளே சுழலும் சாஃப்ட் தண்டைக் கடைவார். அளவுகோலை எடுக்கும் முன்னாலேயே விரலால் தடவி, "இன்னும் ஒரு முடி எடுக்கோணும்" என்பார். அளந்து பார்த்தால் அப்படியே இருக்கும். நான் அவர் தம்பி சாமுவேல். எட்டாவதோடு நின்று லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவர் கதையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நான் செய்த காரியத்தை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ஞானாபரணம் மேட்டுப்பாளையம் மண்டியில் காய் மூட்டை தூக்கியவர். நாற்பத்தைந்து வயதில் கையும் காலும் தன்னால் ஆட ஆரம்பித்தன. நாக்கு குழறியது. ஊரே குடிகாரன் என்றது. அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. சபையில் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். குடிகாரன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கும் விரல் துள்ள ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூளை நரம்பைத் தேய்க்கிற வியாதியாம். அப்பாவுக்கு இருந்ததும் அதுதானாம். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வருமாம். கை ஆடுவதோடு நிற்காது, நினைப்பும் கவனமும் கூடத் தேயும், அதனால் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பட்டறை முதலாளியும், "டாக்டர் எழுதிக் குடுத்தா லேத்துல நில்லுங்க சைமன், இல்லாட்டி வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார்.

முதல் சோதனைக்கு அண்ணி கிருபாதான் கூடப் போனார். அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல். பாதியில் நிறுத்தி, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். என்னென்ன கேட்டார்கள் என்று அண்ணியிடம் விசாரித்தேன். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகத்தின் பேர் சொல்ல முடியும், நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு கடிகாரம் வரைந்து காட்டு. அவ்வளவுதானா என்று நினைத்தேன். லைசென்ஸுக்குக் கண் பார்த்தபோது முன்னால் நின்றவன் படித்த எழுத்தை அப்படியே ஒப்பித்துத் தேறியவன் நான். எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஒரு மாதம் தினமும் போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

"மாடு, ஆடு, எருமை, குதிரை, கழுதை..." என்று அண்ணன் நிறுத்துவார்.

"கழுதைக்கு அப்புறம்?"

"நீதான்டா."

அண்ணி சிரிக்கவில்லை. "இது பரீட்சையில்லீங்க தம்பி. அவருக்கு என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான்னு சோதிச்ச அந்தப் புள்ள சொல்லுச்சுங்க."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. தப்பாச் சொன்னா லேத்தை விட்டு எறக்கிப்போடுவாங்க."

அவர் வேலைக்காகத்தான் செய்தேன் என்று அன்றைக்குச் சொன்னேன். பாதிப் பொய். அண்ணன் தேறிவிட்டால் எனக்கும் ஒன்றுமில்லை என்று உள்ளே ஓர் எண்ணம். நான் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை.

அடுத்த சோதனையில் அண்ணன் இருபத்திரண்டு மிருகம் சொன்னார். அந்த மாதம் டாக்டர், வேலை செய்யலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

ஐந்தாம் மாதம் அது நடந்தது. லேத்தில் இரும்பை இறுக்கிப் பிடிக்க, சக் என்கிற பிடியில் சாவியைச் செருகி முறுக்குவார்கள். சாவியை உருவிவிட்டுத்தான் மோட்டார் போட வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித்தருவது அது. அண்ணன் உருவவில்லை. சாவி பறந்துபோய் அடுத்த லேத்தில் நின்ற வேலுமணியின் தாடையை உடைத்தது. முதலாளி அதைக் கைத்தவறு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சோதனை முடியட்டும் என்று அண்ணனை வீட்டில் இருக்கச் சொன்னார். அது கைத்தவறு இல்லை, வியாதி என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் மாதம் நானே கூட்டிப்போனேன். சோதிக்கிற பெண் சண்முகப்ரியா. சின்ன வயசு, பொறுமையான புள்ளை.

"இந்தத் தடவை காய்கறிப் பேருங்க ஐயா. ஒரு நிமிஷம். தெரிஞ்சதெல்லாம் சொல்லுங்க."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாடு, ஆடு, எருமை, குதிரை, கழுதை..."

"காய்கறிங்க ஐயா."

"ஆமாங்க அம்மணி. மாடு, ஆடு, எருமை..."

மண்டியில் காய் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவருக்குக் கத்தரிக்காய் கூட வரவில்லை. நான் போட்ட தடத்திலேயே போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள்.

"யாருங்க ஐயா சொல்லிக் குடுத்தது?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருமில்லீங்க. நானாப் படிச்சதுங்க."

மற்றதெல்லாம் மறந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதை மறக்கவில்லை. என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"நான்தான் அம்மணி. போன தடவையும் நான்தானுங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போன தடவையே சரியாத் தெரிஞ்சிருந்தா மெசினை விட்டு அப்பவே நிறுத்தியிருப்போமுங்க" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கே டாக்டர் லேத்தில் நிற்கக் கூடாது என்று எழுதினார். அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கலாமா சாமுவேலு?" என்றார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு வேலுமணி வீட்டுக்குப் போனேன். தாடையில் கம்பி கட்டியிருந்தது. ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுப் பல்லைத் திறக்காமல் பேசினார்.

"ஏனுங்க, ஒரு மாசம் உக்காந்து அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்க. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் தள்ளி நின்னிருப்பேனுங்களே?"

இத்தனைக்கும் 'ங்க' போட்டுத்தான் கேட்டார். அவர் மனைவி எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அதை எடுக்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.